எங்கள் ட்ரூப், எல்லாப் பெண் குழந்தைகளும், அக்டோபர் கார்ன் மேஸும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சியாட்டிலுக்கு வடக்கே பாத்தெல் பக்கம் ஒரு கேர்ள் ஸ்கவுட் ட்ரூப்புக்கு ஆறு வருடமாக லீடராக இருக்கிறேன். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகள், பாதிக்கு மேல் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாகச் சேருகிறவர்கள் போன் செய்து முதலில் கார்ன் மேஸ் (சோள வயலுக்குள் வழி கண்டுபிடிக்கும் விளையாட்டு) எப்போது, என்ன போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று கேட்பார்கள். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "இன்னொரு விஷயம் கேட்கணும், தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பிப்பார்கள். அந்த இன்னொரு விஷயம் திருநங்கைக் குழந்தைகளைப் பற்றியது. தப்பாக நினைக்க இதில் ஒன்றுமே இல்லை. கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டு நாலு மாதம் கழித்து விலகிப்போவதைவிடக் கேட்பது எவ்வளவோ மேல். கேட்கிறவர்கள் தமிழில்தான் கேட்கிறார்கள், வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியும் படிக்க வேண்டும், அதனால் பதிலைத் தமிழிலேயே எழுதி வைக்கிறேன்.

கேர்ள் ஸ்கவுட்ஸ் என்பது என்ன? நம் ஊர் சாரணியர் மாதிரியா?

கிட்டத்தட்ட அதே குடும்பம்தான். அமெரிக்காவில் ஜூலியட் கார்டன் லோ என்ற பெண்மணி 1912 மார்ச் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் சவானா ஊரில் 18 சிறுமிகளோடு ஆரம்பித்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. ஓட்டுரிமைகூடப் பெண்களுக்கு நாடு முழுக்க வராத காலத்தில் பெண் பிள்ளைகளைக் காட்டுக்கும் முகாமுக்கும் கூட்டிப் போனார். இன்று மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை டெய்ஸி, பிரவுனி, ஜூனியர் என்று படிப்படியாகப் பிரித்து நடக்கிறது. பேட்ஜ், முகாம், நிதி திரட்டப் பிள்ளைகள் செய்யும் குக்கி விற்பனை எல்லாம் உங்களுக்கே தெரியும். நாங்கள் மாதம் இரண்டு ஞாயிறு கூடுகிறோம்.

திருநங்கைக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வீர்களா?

சேர்த்துக்கொள்வோம்.

இது உங்கள் சொந்த முடிவா, மேலே இருந்து வந்ததா?

இரண்டும். ஒரு குழந்தையை அதன் குடும்பமும் பள்ளியும் சுற்றி இருப்பவர்களும் பெண்ணாக ஏற்று, குழந்தையும் பெண்ணாகவே வாழ்ந்து வந்தால் அந்தக் குழந்தைக்கு இங்கே இடம் உண்டு, ஒவ்வொருவர் நிலைமையையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுப்போம் என்பதுதான் தேசிய அமைப்பு வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் நிலை. இது நேற்று முளைத்தது அல்ல. 2011இல் கொலராடோவில் ஏழு வயதுக் குழந்தை ஒன்று சேர வந்தபோது அங்கே இருந்த லீடர் முடியாது என்று அனுப்பிவிட்டார். செய்தி வெளியே வந்ததும் கேர்ள் ஸ்கவுட்ஸின் அந்த மாநிலக் கிளையான கவுன்சில், தன்னைப் பெண் என்று சொல்லும், குடும்பமும் பெண்ணாக வளர்க்கும் குழந்தையை வரவேற்கிறோம் என்று அறிவித்தது. அதற்கு எதிர்ப்பும் வந்தது. அடுத்த ஜனவரியில் குக்கி வாங்காதீர்கள் என்று வீடியோ போட்டுப் பிரசாரம் நடந்தது. குக்கிகள் இன்றுவரை விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன.

நம் ஊருக்கு நெருக்கமான கதை 2015இல் நடந்தது. மேற்கு வாஷிங்டன் கவுன்சிலுக்கு, அதாவது நாம் இருக்கும் இதே கவுன்சிலுக்கு, ஒருவர் ஒரு லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரிடமிருந்து கடிதம்: இந்தப் பணம் திருநங்கைச் சிறுமிகளுக்குப் பயன்படாது என்று உறுதி கொடுங்கள், முடியாவிட்டால் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு லட்சம் என்பது அந்தக் கவுன்சில் ஒரு வருடத்தில் திரட்டும் நன்கொடையில் கிட்டத்தட்ட கால்வாசி. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளை முகாமுக்கு அனுப்புகிற பணம் அது. அப்போது தலைமைப் பொறுப்பில் இருந்த மேகன் ஃபெர்லாண்ட் பணத்தைத் திருப்பி அனுப்பினார். விஷயத்தைச் சொல்லி இணையத்தில் நிதி கேட்டார்கள். ஒரே நாளில் ஒரு லட்சம் தாண்டியது, கடைசியில் மூன்று லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலும் சின்னச் சின்னத் தொகையாக, ஆயிரக்கணக்கானவர்கள் போட்ட பணம்.

நான் அந்த நேரத்தில் லீடர் இல்லை, என் மகள் பிறக்கவே இல்லை. ஆனால் பிற்பாடு லீடராகலாமா என்று யோசித்தபோது இந்தக் கதைதான் என்னைத் தள்ளிவிட்டது. கையில் இருக்கிற பணத்தைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று நன்கொடை கேட்டு அலைந்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் தமிழ்ப் பள்ளிக்காக அலைந்திருக்கிறோம். மேலிடம் நாளைக்கே மாற்றிச் சொன்னாலும் என் எண்ணம் மாறாது, அதையும் சேர்க்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாஷிங்டன் மாநிலத்தின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் 2006லேயே பாலின அடையாளத்தையும் சேர்த்துவிட்டார்கள். 2015 டிசம்பரில் வந்த மாநில விதி, பொது இடங்களில் அவரவர் பாலின அடையாளத்துக்கு ஏற்ற கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. இன்னொன்றும் கேட்கிறார்கள்: ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் இருக்கும்போது பெண்களுக்கு மட்டும் அமைப்பு எப்படி நடத்தலாம்? கல்வி நிலையங்களுக்கான அந்த 1972ஆம் வருடச் சட்டத்தில் கேர்ள் ஸ்கவுட்ஸ் போன்ற இளையோர் அமைப்புகளின் உறுப்பினர் சேர்க்கைக்கு 1974இல் விலக்குக் கொடுத்தார்கள். அதனால் யாரைச் சேர்ப்பது என்பதை அமைப்பே முடிவு செய்கிறது.

லண்டனில் இருக்கும் என் நாத்தனார், அங்கே நிறுத்திவிட்டார்கள் என்கிறாரே?

உண்மைதான். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 16 அன்று, அங்குள்ள 2010ஆம் வருடச் சமத்துவச் சட்டத்தில் பெண் என்ற சொல் பிறப்பால் வந்த பாலினத்தையே குறிக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. அதைத் தொடர்ந்து அந்த டிசம்பரில் அங்குள்ள கேர்ள்கைடிங் என்ற சாரணியர் அமைப்பு, திருநங்கைச் சிறுமிகள் இனிமேல் புதிதாகச் சேர முடியாது என்று அறிவித்தது. அதை அவர்களே மன வருத்தத்தோடுதான் சொன்னார்கள். அந்த நாட்டுச் சட்டம் அந்த நாட்டு அமைப்பைக் கட்டுப்படுத்துகிறது. நம் அமைப்பு வேறு, சட்டம் வேறு. இரண்டும் ஒரே உலகச் சங்கத்தில் உறுப்பினர்கள், அவ்வளவுதான் தொடர்பு. உங்கள் நாத்தனார் வீட்டுப் பெண்ணோடு ஒன்றாகக் கூடாரம் அடிக்க வந்திருக்கக்கூடிய ஏதோ ஒரு குழந்தை இப்போது வெளியே நிற்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். எனக்கு அந்தச் செய்தி வந்த அன்று மனசே சரியில்லை.

இப்போது உங்கள் ட்ரூப்பில் அப்படி யாராவது இருக்கிறார்களா? தெரிந்தால் தயாராக இருப்போமே.

சொல்ல மாட்டேன். இருந்தாலும் சொல்ல மாட்டேன், இல்லாவிட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்த வருடம் இல்லை என்று சொன்னால் அடுத்த வருடம் நான் வாயை மூடிக்கொள்வதே பதிலாகிவிடும். உங்கள் மகளுக்கு இழுப்பு இருக்கிறது, ராத்திரி படுக்கையை நனைக்கிறாள், அப்பா அம்மா பிரிந்து இருக்கிறார்கள் என்று நீங்கள் என்னிடம் சொன்ன எதையும் நான் அடுத்த வீட்டுக்குச் சொன்னதில்லை. இதுவும் அப்படித்தான். யார் வீட்டு விஷயமோ அவர்கள் சொன்னால் சொல்லட்டும்.

எட்டு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஆபரேஷன், மருந்து என்றெல்லாம் படிக்கிறோமே.

இந்த வயதில் ஆபரேஷனும் கிடையாது, மருந்தும் கிடையாது. பருவ வயது வரும் முன்பு மருத்துவம் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. பிரவுனி வயதுக் குழந்தைக்கு, அதாவது இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு, மாற்றம் என்றால் முடி வளர்ப்பது, பிடித்த உடை, கூப்பிடும் பெயர், அவன் என்பது அவள் ஆவது, இவ்வளவுதான். நாளைக்கு அந்தக் குழந்தை வேறு மாதிரிச் சொன்னாலும் முடியை வெட்டிக்கொள்ளலாம். என்ன தெரியும் என்ற கேள்விக்கு நான் கேட்கும் எதிர்க் கேள்வி ஒன்றுதான்: உங்கள் மகளுக்குத் தான் பெண் என்று எப்போது தெரிந்தது? யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தீர்களா?

பருவ வயதுக்குப் பிறகு வரும் மருத்துவ முடிவுகள் பெற்றோரும் டாக்டரும் பார்த்துக்கொள்ள வேண்டியவை. கயிறு முடிச்சும் கூடாரமும் சொல்லிக் கொடுக்கிற எனக்கு அதில் வேலை இல்லை.

முகாமில் தூங்குவது, உடை மாற்றுவது எல்லாம் எப்படி?

இதுதான் உண்மையான கவலை, எனக்குத் தெரியும், நானும் பெண்ணைப் பெற்றவள். அதனால் விவரமாகச் சொல்கிறேன். எங்கள் ட்ரூப்பில் யாரும் யார் முன்னாலும் உடை மாற்றுவதில்லை. கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு மாற்ற வேண்டும், அல்லது ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்து மாற்ற வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஒரு வித்தை மாதிரிக் கற்றுக்கொண்டு பந்தயம் வைத்து மாற்றுகிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் படுக்கை, இரண்டு பேர் ஒரே போர்வையில் படுக்கக் கூடாது. எங்கே போனாலும் ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், இருவரும் பின்னணிச் சோதனை முடித்தவர்களாக இருக்க வேண்டும். வெளியே கூட்டிப் போகும்போது பிரவுனி வயதில் 12 குழந்தைகளுக்கு மேல் போனால் கூடுதலாகப் பெரியவர் வேண்டும். துணைக்கு வரும் அப்பாக்கள் பிள்ளைகள் தூங்கும் இடத்தில் தூங்கக் கூடாது.

இந்த விதிகளில் எதுவும் திருநங்கைக் குழந்தைக்காகப் போட்டது அல்ல. கூச்சம் அதிகம் உள்ள குழந்தை, வயதுக்கு வந்துவிட்ட ஒன்பது வயதுக் குழந்தை, உடம்பில் தீக்காயத் தழும்பு உள்ள குழந்தை, எல்லாருக்கும் இதுதான் காப்பு. போன வருடம் முகாமில் ஒரு பெண் மூன்று நாளும் நீச்சல் உடைக்கு மேல் டி-ஷர்ட்டைக் கழற்றவே இல்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

ஒரு பையன் விளையாட்டுக்குப் பெண் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டால்?

சேர்ப்பது பெற்றோர் கையெழுத்துப் போட்டு. குடும்பம், பள்ளி, வாழும் விதம் எல்லாம் பார்த்துத்தான். ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து, மழையில் கடை வாசலில் நின்று குக்கி விற்று, பள்ளியில் கேலியும் வாங்கிக்கொண்டு ஒரு பையன் விளையாட்டுக் காட்ட மாட்டான். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் இதைப் பார்த்ததில்லை, ஆனால் கேள்வி மட்டும் வருடா வருடம் என் காதில் விழுகிறது.

என் மகள் கேட்டால் நான் என்ன சொல்வது?

குறைவாகச் சொல்லுங்கள். "சில பேர் பிறந்தப்போ பையன்னு நினைச்சாங்க, அப்புறம் அது பொண்ணுன்னு தெரிஞ்சுது" என்று சொன்னால் எட்டு வயதுக்குப் போதும். அடுத்து அவள் கேட்கப் போவது இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்றுதான். கேர்ள் ஸ்கவுட் விதியின் கடைசி வரி, ஒவ்வொரு கேர்ள் ஸ்கவுட்டுக்கும் சகோதரியாக இருப்பேன் என்பது. அதை அவள் ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று விரலைத் தூக்கிச் சொல்லியிருக்கிறாள்.

தமிழில் என்ன சொல்ல வேண்டும்? வீட்டில் பெரியவர்கள் பழைய சொற்களைச் சொல்கிறார்கள்.

அந்தப் பழைய சொற்கள் எல்லாம் வசவுகள், எவ்வளவு பழகியிருந்தாலும் வேண்டாம். பெண்ணாக வாழ்பவர் திருநங்கை, ஆணாக வாழ்பவர் திருநம்பி, பொதுவாகச் சொல்ல திருநர். தமிழ்நாட்டில் 2008 ஏப்ரல் 15 அன்று இந்தியாவிலேயே முதலாக அரசு நலவாரியம் அமைத்தார்கள், அந்த நாள் இப்போது திருநங்கையர் தினம். திருநங்கைகளான பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ வாங்கியிருக்கிறார், பிரித்திகா யாஷினி காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர் ஆகியிருக்கிறார். இந்தப் பெயர்களைத் தாத்தா பாட்டியிடம் சொல்லுங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பும். ஆனால் ட்ரூப்பில் ஒரு குழந்தையைக் கூப்பிட இந்தச் சொற்கள் எதுவும் தேவையில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

நம் மதத்தில், பண்பாட்டில் இதற்கு இடம் இருக்கிறதா?

அர்த்தநாரீஸ்வரர், சிகண்டி, கூத்தாண்டவர் என்று அடுக்கி உங்கள் வாயை அடைக்க நான் விரும்பவில்லை. அந்தக் கதைகள் எல்லாம் தெரிந்த ஊரில்தான் பெற்ற பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்துகிறோம். கதை நம்மைத் திருத்தும் என்றால் எப்போதோ திருத்தியிருக்கும். இடம் இருக்கிறதா என்றால், நாம் கொடுத்தால் இருக்கிறது.

மதம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கேர்ள் ஸ்கவுட் உறுதிமொழியில் கடவுள் என்று வரும் இடத்தில் அவரவர் நம்பிக்கைக்கு ஏற்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று 1993லேயே அனுமதித்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி முருகன் என்கிறாள்.

சரி, கார்ன் மேஸ் என்றால் என்ன? எதற்கு வருடா வருடம் அங்கேயே போகிறீர்கள்?

மக்காச்சோள வயலுக்குள் வளைந்து வளைந்து பாதை வெட்டி, நுழைந்து வழி கண்டுபிடித்து வெளியே வருவது. இப்போதைய மாதிரியில் அமெரிக்காவில் இது 1993இல் பென்சில்வேனியாவின் ஆன்வில் ஊரில் ஒரு கல்லூரி நிலத்தில், டைனோசர் உருவத்தில் ஆரம்பித்தது. அப்புறம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. சோளம் விற்று வருவதைவிட டிக்கெட் விற்று வருவது அதிகம் என்று சிறு விவசாயிகள் கண்டுகொண்டார்கள். சாதாரணமாக விதைப்பதைவிடத் தாமதமாக விதைப்பார்கள், அப்போதுதான் அக்டோபர் வரை பச்சை நிற்கும். பயிர் முழங்கால் உயரம் இருக்கும்போதே பாதையை வெட்டிவிடுவார்கள். நாம் போகும்போது அது அப்பாக்களின் தலைக்கு மேல் நிற்கும்.

நாங்கள் போவது ஸ்னோஹோமிஷ் பக்கம் ஸ்வான்ஸ் டிரெயில் பண்ணைக்கு. அங்கே வயலே வாஷிங்டன் மாநில வரைபடம். நெடுஞ்சாலைகள்தான் பாதைகள், ஊர்ப் பெயர்ப் பலகைகள் நட்டு வைத்திருக்கிறார்கள். சியாட்டிலிலிருந்து நடந்தே ஸ்போக்கேன் போய்விட்டு வரலாம். பிள்ளைகள் நான்கு நான்கு பேராகப் பிரிந்து, ஒரு குழுவுக்கு ஒரு பெரியவர், யார் கையிலும் போன் இல்லாமல் வழி கண்டுபிடிக்க வேண்டும். வருடத்தின் முதல் பெரிய பயணம் இதுதான், புதுக் குடும்பங்கள் பழகுவது இங்கேதான்.

தம்பி, அண்ணன், அப்பா, பாட்டி வரலாமா?

எல்லாரும் வரலாம், இது குடும்ப நாள். ட்ரூப்பில் சேராதவர்களும் வரலாம்.

வழி தொலைந்தால்?

தொலைவதற்குத்தானே போகிறோம். வலது கையைச் சுவரோடு வைத்துக்கொண்டே நடந்தால் வெளியே வந்துவிடலாம் என்று யாராவது ஒரு அப்பா ஒவ்வொரு வருடமும் சொல்வார். எல்லாச் சுவரும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால்தான் அது நிச்சயம். இந்த வயலில் தீவு தீவாகத் திட்டுகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் கையை வைத்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருவீர்கள். விதி இரண்டு: செடிகளுக்கு நடுவே புகுந்து குறுக்கே போகக் கூடாது, குழுவை விட்டுப் பிரியக் கூடாது. பிரிந்துவிட்டால் நின்ற இடத்தில் நின்று விசில் ஊத வேண்டும். விசில் நான் கொடுப்பேன்.

அங்கே கழிப்பறை?

ஹனி பக்கெட், அதாவது கொண்டுவந்து வைக்கும் தற்காலிகக் கழிப்பறைப் பெட்டி. ஒருவருக்கு ஒன்று, உள்ளே தாழ்ப்பாள், ஆண் பெண் என்ற பலகையே கிடையாது. போன் செய்கிறவர்கள் அதிகம் கவலைப்படும் விஷயம் அங்கே எழுவதே இல்லை. கை கழுவும் தொட்டியில் சோப்பு தீர்ந்துவிடும், சானிட்டைசர் எடுத்து வாருங்கள்.

பெயர்ப் பட்டியலை ஏன் வாசலில் வாசிப்பதில்லை?

ஒரு வருடம் வாசித்தேன். மருத்துவப் படிவத்தில் இருக்கும் சட்டப்பூர்வப் பெயரை அப்படியே அச்செடுத்துக்கொண்டு போய், டிக்கெட் வாங்கும் வரிசையில் நின்று சத்தமாகக் கூப்பிட்டேன். அதில் ஒரு குழந்தைக்கு இருந்தது அவள் இப்போது வைத்துக்கொள்ளாத பழைய பையன் பெயர் என்பது அவள் முகம் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் கையைத் தூக்கவில்லை. தன் அம்மாவின் ஜாக்கெட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அது யார் என்று சுற்றிப் பார்த்தார்கள். நான் அடுத்த பெயருக்குத் தாவிவிட்டேன், ஆனால் அந்தப் பத்து விநாடி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அம்மா பரவாயில்லை என்றார், அது பரவாயில்லை ஆகக்கூடிய விஷயம் அல்ல என்று இருவருக்கும் தெரியும். அன்றிலிருந்து படிவங்கள் உறையில் போட்டு என் பையில் இருக்கும், அவசரம் என்றால் டாக்டருக்கு மட்டும். வாசலில் தலையை எண்ணுவதோடு சரி.

படம் எடுத்துப் போடலாமா?

உங்கள் பிள்ளையை எடுங்கள், தாராளமாகப் போடுங்கள். மற்றக் குழந்தைகள் தெரியும் படத்தை ஊரில் இருக்கும் ஃபேமிலி குரூப்புக்கு அனுப்பும் முன் அந்தந்தப் பெற்றோரிடம் கேளுங்கள். ஒரு படம் வாட்ஸ்அப்பில் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

பாட்டியால் அவ்வளவு நடக்க முடியுமா? அவருக்கு இதெல்லாம் புரியுமா?

நடப்பதைப் பற்றி: நடக்க முடியாதவர்கள் பூசணிக்காய் வண்டிப் பக்கம் உட்காரலாம், நெருப்பும் இருக்கும். புரிவதைப் பற்றி ஒன்று சொல்கிறேன், சம்பந்தப்பட்ட அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அவர்கள் இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறார்கள்.

பெயர்ப் பட்டியலை வாசித்த அதே நாள். முந்தின ராத்திரி பூராவும் மழை. தர்மபுரி பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, சேலைக்கு மேல் மருமகனுடைய பஃபர் ஜாக்கெட், காலில் ஸ்னீக்கர், எங்கள் குழுவோடு வயலுக்குள் வந்துவிட்டார். "சின்ன வயசுல இதை மண்ணுல கீறி விளையாடுவோம், ஏழு சுத்துக் கோட்டைம்பாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் கல் வைத்து அமைத்த பழைய வட்டப் பாதைகள் உண்டு, ஆனால் அதில் வழி ஒன்றுதான், தொலைய முடியாது. யாக்கிமா பலகைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் குழந்தையின் இடது பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், பூட்ஸ் அங்கேயே நின்றது, கால் மட்டும் வெளியே வந்தது, ஊதாப்பூ போட்ட சாக்ஸ். ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நின்றவளைப் பாட்டி பிடித்துக்கொண்டார். முந்தானையால் பாதத்தைத் துடைத்தார். நான் பூட்ஸை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, உள்ளே இருந்த தண்ணீரைக் கொட்டினேன். "யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்று கேட்டார் பாட்டி. குழந்தைக்குத் தமிழ் தெரியாது. பின்னால் வந்த அவள் அம்மாவைக் கை காட்டினாள்.

சாப்பிடும்போது அந்த அம்மா பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் நடந்ததின் பாரமோ என்னவோ, தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பாட்டியின் மகள் மொழிபெயர்த்தார். பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த புளியோதரைப் பொட்டலத்தை மடித்து மடித்து வைத்தார். அப்புறம் மகளிடம், "அந்த பூட்ஸு அதுக்கு ஒரு சைஸ் பெருசு, அதான் மாட்டுது. வேற வாங்கித் தரச் சொல்லு" என்றார்.

அப்படியானால் என்ன போட்டுக்கொண்டு வர வேண்டும்?

ரெயின் பூட்ஸ், காலுக்குச் சரியான அளவில். வளர்வாள் என்று பெரிதாக வாங்கினால் சேறு விடாது. மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி, திரும்பி வரும்போது காரில் போட ஒரு பழைய துண்டு. குடை வேண்டாம், பாதை குறுகல், பின்னால் வருபவர் கண்ணில் குத்தும்.

சாப்பாடு?

புளியோதரை, தயிர்சாதம், சப்பாத்தி ரோல் மாதிரிக் கையில் பிடிக்கக்கூடியது. சிலருக்குக் கொட்டை ஒவ்வாமை உண்டு, எனவே வேர்க்கடலையும் முந்திரியும் போட வேண்டாம், புளியோதரையிலும்தான்.

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஆனால் மகள் வர ஆசைப்படுகிறாள். என்ன செய்வது?

கார்ன் மேஸுக்கு மட்டும் வாருங்கள். பணம் கட்ட வேண்டாம், படிவம் வேண்டாம், அன்றைய டிக்கெட் மட்டும். என்னோடு நடங்கள், இந்தப் பக்கத்தில் விட்டுப்போன கேள்வி எதுவாக இருந்தாலும் கேளுங்கள், காரசாரமாகவே கேளுங்கள், நான் கோபப்பட மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும்: அங்கே இருக்கும் எந்தக் குழந்தையிடமும் நீ பையனா பொண்ணா என்று கேட்காதீர்கள், உங்கள் மகனும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேளுங்கள், குழந்தையிடம் வேண்டாம்.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து மணி, பார்க்கிங்கில் மஞ்சள் ரெயின்கோட் போட்டு நிற்பது நான்தான்.